வாயு பட்சணம்

காற்றையே ஆகாரமாகக் கொண்டு வருஷக்கணக்கில் தவம் செய்த ரிஷிகளைப் பற்றிப் புராணங்களில் படித்திருக்கிறோம். முதலில் கனி, பிறகு சருகு, பிறகு தண்ணீர், கடைசியில் வெறும் காற்று. இதற்கு 'வாயு பட்சணம்' என்று பெயர். படிக்கும்போது கையெடுத்துக் கும்பிடத் தோன்றுமே தவிர, நம்பத் தோன்றாது. ஆனால் மனிதனால் சாதிக்க முடியாததை மனிதன் செய்த யந்திரம் சாதித்திருக்கிறது. காற்றைத் தின்று ஓடுகிற கடியாரம் ஒன்று உலகத்தில் உண்டு. சாவி கொடுக்க வேண்டாம், பாட்டரி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். அறையின் உஷ்ணம் கொஞ்சம் ஏறி இறங்கினால் போதும், அதுவே அதற்கு அன்னம்.

இந்த ஆசை மிகவும் பழையது. 1600களின் தொடக்கத்தில் கார்னிலியஸ் டிரெபெல் என்ற டச்சுக்காரர் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸின் சபையில் இப்படி ஒரு யந்திரத்தைக் காட்டி எல்லோரையும் வாய் பிளக்க வைத்தார். பார்த்தவர்கள் மந்திரம் என்றார்கள். கண்ணாடிக் குழாயில் அடைபட்ட காற்று விரிவதும் சுருங்குவதும்தான் மந்திரம். அப்புறம் 1760களில் லண்டனில் ஜேம்ஸ் காக்ஸ் என்பவர், சுமார் 68 கிலோ பாதரசத்தை ஒரு கடியாரத்துக்குள் வைத்தார். வாயு மண்டலத்தின் அழுத்தம் மாறும்போது பாதரசம் ஏறி இறங்கும். அந்த அசைவு கடியாரத்தின் எடைகளை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். காக்ஸ் ஓர் அசகாய வியாபாரி. சீனாவுக்குப் பொம்மைக் கடியாரங்கள் செய்து ஏற்றுமதி செய்தவர். தம் கடியாரத்துக்கு 'நிரந்தர இயக்கம்' என்று பெயர் சூட்டி, லண்டன்வாசிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு காட்டினார். அந்த நிரந்தர இயக்கம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில், பாதரசம் எடுக்கப்பட்டு, அசையாமல் நிற்கிறது! நியூஸிலாந்தில் டனீடின் நகரத்துச் சர்வகலாசாலையில் 1864-ல் ஆர்தர் பெவர்லி செய்த கடியாரம் அதைவிட அடக்கமானது. யாரும் சாவி கொடுக்காமலே அது தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. சுத்தம் செய்வதற்கும் இடம் மாற்றுவதற்கும் நிறுத்தியிருக்கிறார்கள். உஷ்ண மாறுதல் போதாமல் தானாகவும் சில சமயம் நின்றிருக்கிறது. பட்டினி கிடந்தால் யார்தான் நடப்பார்கள்?

வீட்டு அலமாரியில் வைக்கும்படியான வாயு பட்சணக் கடியாரத்தை 1928-ல் சுவிட்ஸர்லாந்தின் நொஷாத்தெல் நகரத்தில் ழான் லெயோன் ரூத்தர் என்ற பொறியாளர் செய்தார். 'அட்மாஸ்' என்று அதற்குப் பெயர். முதலில் பாதரசமும் அம்மோனியாவும் உபயோகித்தார். 1930களில் அந்த வேலையை ஏற்றுக்கொண்ட லெகூல்த்ர் கம்பெனியார் எதில் குளோரைடு என்ற வாயுவை, கொல்லன் துருத்தி போல் மடிப்பு மடிப்பாக உள்ள ஓர் உலோக டப்பாவில் அடைத்தார்கள். வெயில் ஏறினால் துருத்தி உப்பும், இறங்கினால் சுருங்கும். அந்த மூச்சில் ஒரு சிறு சங்கிலி இழுபட்டு வில் முறுக்கேறும். ஒரே ஒரு டிகிரி சென்டிகிரேடு மாறுதல் இரண்டு நாள் ஓட்டத்துக்குப் போதும். இவ்வளவு அற்ப ஆகாரத்தில் உயிர் வாழ வேண்டுமானால் செலவும் அற்பமாக இருக்க வேண்டுமல்லவா? அதன் ஊசல் சாதாரணக் கடியாரத்தைப் போல் இடமும் வலமும் ஆடுவதில்லை. மயிரிழைக் கம்பியொன்றில் தொங்கும் கனத்த சக்கரம், ஒரு பக்கமாகத் திரும்பிப் போக அரை நிமிஷம், மறுபக்கம் திரும்பி வர அரை நிமிஷம் என்று ஆலோசித்து ஆலோசித்துச் சுழல்கிறது. ஆறு கோடி அட்மாஸ் கடியாரங்கள் சேர்ந்தாலும் ஒரு 15 வாட் பல்பு தின்பதைத்தான் தின்னும் என்று செய்தவர்கள் பெருமையாக ஒரு கணக்குச் சொல்வார்கள்.

இதைப் பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் பார்த்தேன் என்றால் வாசகர்கள் சிரிக்கக் கூடும். புதுச்சேரியை அறிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பென்ஷனும் பிரெஞ்சுக் குடியுரிமையுமாக ஊர் திரும்பியவர்களை அங்கே 'சொல்தா' என்பார்கள். அப்படி ஒரு சொல்தா கொண்டுவந்த கடியாரம் அது. அவர் காலமாகிவிட்டார். கடியாரமும் நின்றுபோயிருந்தது. நான் போயிருந்த அன்று வில்லியனூரிலிருந்து ஒரு வயோதிகக் கடியாரக்காரர் அதைப் பார்ப்பதற்காக வந்திருந்தார்.

அவர் முதலில் கடியாரத்தைத் தொடவே இல்லை. அது வைத்திருந்த மர அலமாரியைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார். பிறகு அடிப்பீடத்தில் உள்ள ரச மட்டத்தின் குமிழியைப் பார்த்தார். அது ஓரமாக ஒதுங்கியிருந்தது.

"இதை யாராவது எண்ணெய் போட்டாங்களாம்மா?" என்றார்.

"டவுன்ல ஒருத்தர் வந்து போட்டுட்டுப் போனாரு. அதுக்கு அப்புறந்தான் ஒரு மாசம் ஓடி நின்னுபோச்சு" என்றார் வீட்டுக்கார அம்மாள்.

கிழவர் தலையை ஆட்டிக்கொண்டார். மற்றக் கடியாரங்களுக்கு எண்ணெய் மருந்து, இதற்கு விஷம். சக்கரங்களின் அச்சு முனைகளில் ஊற்றிய எண்ணெய் தூசியோடு கலந்து பிசினாகிவிடும். காற்றைத் தின்று நடக்கிற பிராணி பிசினை மிதித்து எப்படி நடக்கும்? ஆனால் தீர்ப்புச் சொல்ல அவர் அவசரப்படவில்லை. சுழல் சக்கரத்தைப் பூட்டும் சிறிய நெம்புகோலைத் தள்ளிப் பூட்டினார். அந்தக் காரியத்தை மறந்து கடியாரத்தைத் தூக்கினால் மயிரிழைக் கம்பி முறுக்கிக்கொள்ளும், அல்லது அறுந்தே போகும். பிறகு பின்பக்கத்திலிருந்து துருத்தி டப்பாவைக் கழற்றி, குளிர்ப் பெட்டியில் ஐஸ் வைக்கும் அறைக்குள் வைத்துவிட்டு, காப்பி குடித்தார். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து மேஜைமேல் வைத்தார். சுருங்கியிருந்த டப்பா, வெயில் பட்ட தவளை போல, எங்கள் கண்ணெதிரே மெல்ல மெல்ல உப்பியது. பக்கத்தில் ஒரு பித்தளை அளவுகோலைப் பிடித்துக்கொண்டு கிழவர் மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உசிரு இருக்கு" என்றார்.

துருத்தியில் மயிரளவு கசிவு இருந்தால் வாயு போய்விடும், டப்பா எழுந்திருக்காது, வேறு டப்பாவுக்கு வெளிநாட்டுக்குத்தான் எழுத வேண்டும். இது பிழைத்தது. மற்றதெல்லாம் சுத்தம் செய்கிற வேலை. பல் பல்லாகக் கழற்றி, கழுவி, உலர்த்தி, எண்ணெயில்லாமல் பூட்ட வேண்டும். ஒரு வாரம் ஆகும் என்றார். அலமாரியில் வைக்கக் கூடாது, ஆள் நடந்தால் பலகை ஆடுகிறது. சுவர்ப் பிறையில் வையுங்கள், ஆனால் அங்கே விளக்கேற்றாதீர்கள், கரி படியும் என்றார். பாரிஸிலிருந்து மகன் அனுப்பிய பணத்தில் அந்த அறைக்கு ஏ.ஸி. பூட்டியிருந்தது. அதனால் கடியாரம் கெடுமோ என்று அம்மாள் கவலைப்பட்டார். "இருபத்துநாலு மணி நேரமும் ஒரே குளிரா வச்சீங்கன்னா பட்டினி. அப்பப்ப நிறுத்திப் போடுங்க, அதுக்கு விருந்து!" என்றார் கிழவர். கடலோர ஊர் ஆனாலும் பகலுக்கும் இரவுக்கும் ஐந்தாறு டிகிரியாவது வித்தியாசம் இருக்கும். அட்மாஸுக்குப் பாகூரில் பஞ்சம் வர நியாயமில்லை.

இந்தக் கடியாரத்துக்கு அன்னமாக இருக்கிற அதே சீதோஷ்ணம்தான், இதே புதுச்சேரி மண்ணில், வேறு ஒரு மனிதருக்கும் அவருடைய கடியாரத்துக்கும் பரம விரோதியாக இருந்தது. நான் சொல்ல வந்த சரித்திரம் அதுதான்.

கியோம் லெ ழாந்தில் என்ற பிரெஞ்சு வான சாஸ்திரி 1760 மார்ச் மாதம் பிரான்ஸை விட்டுப் புறப்பட்டார். சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடந்து செல்லும் அபூர்வ நிகழ்ச்சி 1761 ஜூன் 6-ந் தேதி நடக்க இருந்தது. அது சூரிய பிம்பத்துக்குள் நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் பூமியின் பல மூலைகளிலிருந்து விநாடி பிசகாமல் குறித்தால், சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். லெ ழாந்திலுக்கு ஒதுக்கிய மூலை புதுச்சேரி. ஆனால் அவர் கடலில் இருக்கும்போதே இங்கே யுத்தம் முற்றிவிட்டது. 1760 ஜூலையில் வில்லியனூர்க் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. வில்லியனூர் போனால் நெல் போயிற்று என்று அர்த்தம். 1761 ஜனவரியில், தினசரிக் குறிப்புகளால் அந்த யுகத்தையே நமக்குக் காட்டிய ஆனந்தரங்கம் பிள்ளை கண்ணை மூடினார். சில நாட்களுக்குள், ஜனவரி 16-ந் தேதி, பட்டினியால் வாடிய புதுச்சேரி சரணடைந்தது. ஆங்கிலேயர் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். மே மாதம் மாஹே அருகே வந்தபோதுதான் லெ ழாந்திலின் கப்பலுக்கு விஷயம் தெரிந்தது. கப்பல் திரும்பிவிட்டது.

ஜூன் 6-ந் தேதி ஆகாயம் நிர்மலமாக இருந்தது. சுக்கிரன் சூரியனைக் கடந்ததை லெ ழாந்தில் நடுக்கடலில், கண்ணாரக் கண்டார். கண்டு என்ன பயன்? ஊசல் கடியாரம் நிலையான தரையில் நிற்க வேண்டிய வஸ்து. அலையில் ஆடும் கப்பலில் ஊசல் எந்த ஆட்டத்தை ஆடும், தன் ஆட்டத்தையா, கடலின் ஆட்டத்தையா? கண்ட காட்சிக்கு நேரம் இல்லை. நேரம் இல்லாத காட்சிக்குச் சாஸ்திரத்தில் மதிப்பில்லை.

அடுத்த கடப்பு 1769-ல். அதற்கு அடுத்தது நூறு வருஷத்துக்கு அப்பால். மனிதர் எட்டு வருஷம் காத்திருப்பது என்று தீர்மானித்தார்! நாமானால் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவோம். அவருக்கு அப்போது பெண்டாட்டி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மடகாஸ்கர், மணிலா என்று சுற்றிவிட்டு, 1768 மார்ச்சில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். சமாதான உடன்படிக்கைப்படி நகரம் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. இடிந்து கிடந்த பழைய கவர்னர் மாளிகையின் மிச்சத்தின்மேல், கவர்னர் லா அவருக்கு ஒரு வானிலைக் கூடம் கட்டிக் கொடுத்தார். அதன் அடியில் இருந்த நிலவறையில் அறுபதாயிரம் ராத்தல் வெடிமருந்து சேமித்திருந்தார்கள். வெடிமருந்தின்மேல் உட்கார்ந்துகொண்டு அவர் நட்சத்திரம் பார்த்தார். சென்னையிலிருந்து ஆங்கிலேயர்களே ஒரு நல்ல தூரதிருஷ்டிக் கண்ணாடியை இரவல் அனுப்பினார்கள் என்பது இந்தச் சரித்திரத்தில் மனசுக்கு இதமான ஓர் இடம். ஏழு வருஷத்துக்கு முன்பு அந்த மாளிகையை இடித்தவர்களும் அவர்கள்தானே!

இனிக் கடியாரத்துக்கு வருவோம். பாரிஸில் சரியாக ஓடும் ஊசல் கடியாரத்தைப் புதுச்சேரியில் நிறுத்தினால் அது தினம் சுமார் இரண்டு நிமிஷம் பின்தங்கும். கடியாரத்தில் கோளாறு ஒன்றுமில்லை. பூமத்திய ரேகைக்கு அருகே பூமியின் இழுப்பு சற்றுக் குறைவு. 1672-ல் ரிஷேர் என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமெரிக்காவில் கயேன் நகரத்தில் இதைக் கண்டுபிடித்தார். ஊசல் குண்டை ஏறக்குறைய இரண்டே முக்கால் மில்லிமீட்டர் மேலே தூக்கினால் இந்தக் கணக்குச் சரியாகிவிடும். சரியாகாதது வெயில். உஷ்ணத்தில் ஊசலின் தண்டு நீளும். நீண்ட ஊசல் மெதுவாக ஆடும். இரும்புத் தண்டானால் ஒவ்வொரு டிகிரி உஷ்ணத்துக்கும் நாள் ஒன்றுக்கு அரை விநாடி போல நஷ்டம். பித்தளையானால் இன்னும் அதிகம். விநாடி பிசகக் கூடாத காரியத்தில் சித்திரை வெயில் எவ்வளவு திருடுகிறது பாருங்கள். அதனால் கடியாரத்தை நம்பாமல், சூரியன் உச்சிக்கு வரும் வேளையையும் நட்சத்திரங்கள் கடக்கும் வேளையையும் நாள் தவறாமல் பார்த்து, கடியாரம் இன்று எவ்வளவு பொய் சொல்கிறது என்று குறித்து வைக்க வேண்டும். கடியாரத்தைப் பழுது பார்ப்பது என்பதில் இதுவும் சேர்ந்ததுதான். பொய்யை நிறுத்த முடியாவிட்டால் அதன் அளவையாவது தெரிந்து வைத்துக்கொள்வது!

இந்த ஓராண்டு ஓய்வில் லெ ழாந்தில் செய்த காரியம் ஒன்றுக்காக நாம் அவரை நினைக்க வேண்டும். வில்லியனூர்க் கோபுரம் போன்றவற்றைப் பார்த்து எழுதியதோடு அவர் நிற்கவில்லை. நம்மவர் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொள்ள ஒரு தமிழரிடம் சிஷ்யராக உட்கார்ந்தார். பரீட்சையும் வைத்தார். 1765 ஆகஸ்டு 30-ந் தேதி நிகழ்ந்து முடிந்திருந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிடச் சொன்னார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவில் அப்போது தலைசிறந்தவையென்று மதித்த தோபியாஸ் மேயரின் அட்டவணைகள்படி போட்ட கணக்கோ 68 விநாடி கூடிற்று. தமிழரிடம் ஊசல் கடியாரம் இல்லை, தூரதிருஷ்டிக் கண்ணாடி இல்லை, காகிதம்கூட இல்லை.

கடியாரம் என்ற சொல்லே நமக்குக் கடிகை என்பதிலிருந்து வந்தது. கடிகை என்றால் நாழிகை, 24 நிமிஷம், அதை அளந்த வட்டில். அடியில் துளையுள்ள வட்டிலைத் தண்ணீரில் மிதக்க விட்டால், அது நிரம்பி மூழ்குவதற்குள் ஒரு நாழிகை. பாசறையில் அரசனுக்கு நாழிகை சொல்லும் ஆட்களை முல்லைப்பாட்டிலேயே பார்க்கிறோம். கடிகை என்பது கல்விச் சாலைக்கும் பெயர். காஞ்சிக் கடிகை பிரசித்தம். அந்த வரிசையில் பாகூரும் உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கனின் எட்டாம் ஆட்சியாண்டில், 9-ம் நூற்றாண்டில், பாகூர் வித்யாஸ்தானத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களைத் தானம் கொடுத்த செப்பேடுகள் கிடைத்திருக்கின்றன. பதினான்கு வித்தைகள் என்று மரபு எண்ணுவதில் ஜோதிடமும் ஒன்று. பிரெஞ்சு வான சாஸ்திரிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கும் இந்தப் பாகூர்ச் சாலைக்கும் நேர்த் தொடர்பு இருந்தது என்று கதை கட்ட நான் வரவில்லை. நாவலில் செய்யலாம், சரித்திரத்தில் செய்யக் கூடாது. ஆனால் அந்த மண்ணில் கணக்கு புதிதாக முளைத்த பயிர் அல்ல.

1769 ஜூன் 4-ந் தேதி. தமிழில் விரோதி வருஷம், வைகாசி மாதம். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! கடப்பு விடியற்காலையில் நிகழ வேண்டும். அதற்கு முன்பு பல நாட்களாகக் காலை நேரம் பளிங்கு போல் இருந்தது. முதல் நாள் இரவும் கவர்னரும் அவருமாக வியாழனைப் பார்த்து மகிழ்ந்தார்கள். பின்னிரவில் விழித்துப் பார்த்தபோது வானம் மூடிக் கிடந்தது. விடியும் சமயத்தில் காற்று சுழன்றடித்தது. கடல் நுரைத்தது. மேகத் திரைக்குப் பின்னால் சுக்கிரன் தன் காரியத்தை முடித்துக்கொண்டு போய்விட்டது. எல்லாம் முடிந்த பிறகு சூரியன் பளீரென்று வெளிவந்து அன்று பகல் முழுவதும் பிரகாசித்தான். கடியாரம் மட்டும் கடமை தவறாமல் விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தது, எண்ணுவதற்குத்தான் ஒன்றுமில்லை. அவர் விட்டு வந்த மணிலாவில் அன்று ஆகாயம் தெளிவாக இருந்ததாம். இரண்டு வாரத்துக்குமேல் அவரால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. 1771 அக்டோபரில், பதினோரு வருஷம் ஆறு மாசம் கழித்து, தாய்நாட்டில் கால் வைத்தபோது, அவர் இறந்துபோனதாகத் தீர்மானித்து உறவினர்கள் சொத்தைப் பங்கு போட முனைந்திருந்தார்கள். விஞ்ஞானக் கழகத்தில் அவர் நாற்காலியும் போயிருந்தது. வழக்காடினார். பிறகு கல்யாணம் செய்துகொண்டார். இந்தியப் பிரயாணத்தைப் பற்றி 1779-லும் 1781-லும் இரண்டு பெரிய பாகங்கள் வெளியிட்டார். தமிழர் கணித முறை அந்தப் புத்தகத்தின் மூலந்தான் ஐரோப்பியப் பண்டிதர்களை எட்டியது. பாரிஸில் பெய்யி அதை வைத்துப் பெரிய கிரந்தமே எழுதினார். எடின்பரோவில் பிளேஃபேர் வியந்தார். சுக்கிரனைப் பிடிக்கப் போனவர் கையில் சோழி கிடைத்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஏன் சோழி என்கிறேனென்றால், அடுத்த சாட்சி ஜான் வாரன். பிரெஞ்சு வமிசத்தவர், ஆங்கிலேயர் ராணுவத்தில் உத்தியோகம், சென்னை நட்சத்திர பங்களாவில் சில வருஷம் பொறுப்பில் இருந்து, அங்கே ஊசலின் நீளத்தை அளந்து பார்த்தவர். கடியாரத்தின் அருமை அவருக்குத் தெரியும். 1825-ல் 'கால சங்கலிதம்' என்ற அவருடைய பெரும் நூல் சென்னையில் அச்சாயிற்று. புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைத் தாம் சந்தித்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். 'சாமி நாடன் சாஷியா' என்று தம் காதில் விழுந்தபடி பெயரை எழுதிவைத்தார். அந்த மனிதர் தரையில் உட்கார்ந்தார். சோழிகளைப் பரப்பினார். மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களை முணுமுணுத்தார். ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுத்துக்கு எழுத்து ஓர் எண் ஒளிந்திருக்கும். சந்திரனின் 248 நாள் சஞ்சாரத்துக்கு 248 வாக்கியம். சோழிகளை நகர்த்தி நகர்த்தி, 1825 மே 31-ந் தேதி இரவு வர இருந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் நாலு நிமிஷம்தான் பிசகு. நடுவில் 23 நிமிஷம். முடிவில் 52 நிமிஷம். அறுபது வருஷத்துக்கு முந்திய கிரகணத்தில் 41 விநாடி; இதில் முக்கால் மணிக்கு மேல். முன்னதில் அதிர்ஷ்டமும் கொஞ்சம் கலந்திருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. வாய்பாடும் ஒரு கடியாரந்தான். பின்னால் வருகிறவர்கள் அவ்வப்போது வானத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்தாவிட்டால் அதுவும் பின்தங்கும். வாரன் கண்ட மனிதருக்குச் சோழியை எப்படி நகர்த்த வேண்டும் என்பது தெரிந்திருந்தது. ஏன் அப்படி நகர்த்துகிறோம் என்பது தெரியவில்லை. துருத்தியைக் குளிரில் வைத்துச் சோதிக்கிற வில்லியனூர்க் கிழவர் போன்ற ஒருவர் அந்த வாய்பாட்டுக்குக் கிடைக்கவில்லை.

அதனால் அது நின்றுபோய்விட்டது என்று எண்ணிவிடாதீர்கள். திருக்கணிதம், வாக்கியம் என்று இரண்டு வகைப் பஞ்சாங்கம் இன்றும் நம் கடைகளில் விற்கின்றன. பழைய பிரெஞ்சுக் காரைக்காலைச் சேர்ந்த திருநள்ளாற்றுக் கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைத்தான் அனுசரிக்கிறது. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-ந் தேதியே சனி பகவான் கும்பத்துக்குப் போய்விட்டார். திருநள்ளாற்றில் அவர் பெயர்ந்தது அந்த வருஷம் டிசம்பர் 20-ந் தேதி, பதினோரு மாசம் கழித்து. ஆயிரமாயிரம் ஜனங்கள் நள தீர்த்தத்தில் முழுகி, ஈரத் துணியோடு வரிசையில் நின்றார்கள். எல்லோர் மணிக்கட்டிலும் கடியாரம். எல்லோர் கையிலும் டெலிபோன். மாலை சரியாக 5 மணி 20 நிமிஷத்துக்குத் தீபாராதனை காட்டினார்கள்.